ஆணி தெரியாத பூண்

என் கொழுந்தனாருக்கு ஆணி கண்ணில் படக் கூடாது. பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

சிலருக்குப் பல்லி ஆகாது, சிலருக்குப் பாகற்காய் ஆகாது. இவருக்கு ஆணி, திருகாணி, கொக்கி, பித்தான், ஊக்கு எதுவுமே ஆகாது. அவையெல்லாம் இருக்கலாம், தாராளமாக இருக்கலாம். இருப்பது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்தார் என்றால் சிரிக்க மாட்டீர்களா? கப்பலின் உடம்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி ரிவிட்டு. அதைப் பற்றிக் கேட்டால், "வயித்துப் பொழப்பு அண்ணி, ஞாபகப்படுத்தாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்போது நாங்கள் கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் ஓர் அறையில். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி. என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அண்ணிக்குக் கொழுந்தனாரைக் கேலி செய்ய முழு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

அவர் வந்து சேர்ந்த வாரமே வீட்டில் அதிசயங்கள் ஆரம்பித்தன. சுவர்க் காலண்டர் ஆணி இல்லாமல் நின்றது. நாற்காலிகளில் இருந்த ஆணித் தலைகளெல்லாம் மெழுகுக்குள் மறைந்தன. கதவுத் தாழ்ப்பாளை எங்கோ உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். திறக்கத் தெரியாமல் நான் அரை நாள் அறைக்குள் கிடந்து தெருவைப் பார்த்துக் கூப்பாடு போட்டேன். சட்டைப் பித்தான்களுக்கு மேல் ஒரு பட்டை வைத்து மறைக்கச் சொல்லித் தையல்காரரைப் பாடாய்ப் படுத்தினார். "அப்புறம் எதுக்குய்யா பித்தான்? கோந்து போட்டு ஒட்டிக்கலாம்லா!" என்று அந்த மனிதர் கத்தியது எங்கள் மாடிவரை கேட்டது.

சினிமாவுக்கு அழைத்துப் போனோம். கதாநாயகி கதவைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். கொட்டகையே மூக்கை உறிஞ்சுகிறது. எனக்கும் கண்ணீர் வழிகிறது. இவர் என் காதருகே குனிந்து, "அண்ணி, அந்தக் கதவுக் கீலைப் பாத்தீங்களா? திருகாணி பாதி வெளிய நிக்குது" என்றார். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கீலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசத்தில் இன்னும் மோசம். காவடி வருகிறது, ஊரே கைகூப்பி நிற்கிறது. இவர் காவடிக் கம்பிகளை உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் வெளிய தெரியுதே அண்ணி" என்றார். நான் அவருக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பின்னாளில் தோ பாயோவில் புது அடுக்குமாடி வீடு கிடைத்தபோது ஊரே சுவரையும் தரையையும் தடவித் தடவிப் பார்த்தது. குழாயைத் திருகினால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். இவர் மட்டும் வெளிச்சுவரில் ஓடிய குழாய்களைப் பார்த்துவிட்டு, "வீட்டோட குடல் வெளிய கிடக்குது" என்று சொல்லிக் கோப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு வடிகால் இருந்தது. வேலை விட்டு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், கீழே கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில் மாடிப்படி ஓரமாக உட்கார்ந்து மடக்குக் கத்தி செய்வார். இளநீர்க் கடைக்காரர், டுரியான் பழம் விற்கிறவர், கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகள் என்று வாங்க ஆள் இருந்தது. மடக்குக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். கத்தி மடங்கும் இடத்தில், பிடியின் தலைப்பில், இரண்டு பக்கமும் ஒரு பித்தளைப் பூண் இருக்கும். அழுத்தி வெட்டும்போது வரும் பாரமெல்லாம் அந்தப் பூணின் தலையில்தான் விழும். மற்றவர்கள் பூணை வைத்து ரிவிட்டு அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ரிவிட்டின் தலை வெளியே முழித்துக்கொண்டு நிற்கும். இவர் செய்வாரா?

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் உடைந்த கப்பல் சன்னல் வளையம் ஏதாவது வாங்கி வருவார். அந்தப் பித்தளையில் பூண் வெட்டுவார். பூணிலும் அடியில் இருக்கும் தகட்டிலும் நேராகத் துளை போட்டு, வெளிப்பக்கம் துளையின் வாயைக் கொஞ்சம் அகலமாக்குவார். பூண் வெட்டிய அதே துண்டிலிருந்துதான் ஆணியும் சீவுவார். அதைச் செருகிச் சின்னச் சுத்தியலால் செல்லமாகத் தட்டத் தட்ட, ஆணியின் தலை மெல்ல விரிந்து அந்த வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு அரம், உப்புத்தாள், பாலிஷ். அதோடு ஆணி போன இடம் கடவுளுக்கும் தெரியாது. தலை விரிந்திருப்பதால் இழுத்தாலும் பூண் வராது. ஒரே பித்தளை என்பதால் நிறமும் காட்டிக்கொடுக்காது. செய்து முடித்ததும் மாடிக்கு ஓடி வந்து, "ஆணி எங்க இருக்கு சொல்லுங்க?" என்று என் மூக்கருகே நீட்டுவார். நான் வேண்டுமென்றே எங்காவது விரலை வைப்பேன். "இல்லையே!" என்று குதிப்பார். தவறு என்று சொல்வதில் அந்த மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். "சேர்ந்திருக்கணும் அண்ணி. எது சேர்த்துச்சுன்னு தெரியக் கூடாது" என்பார்.

அடுத்த வீட்டு மாடியில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். தகப்பனார் இல்லை. பெண்ணின் தாய்மாமன் தேக்கா மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருந்தார், அவர்தான் குடும்பத்துக்குத் தூண். பெண் தையல் கடையில் வேலை பார்த்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் என்னோடு உட்கார்ந்து குரோஷா பின்னுவாள். எங்கள் தெருவில் அப்போது குரோஷா ஜுரம். ரேடியோவுக்குச் சட்டை, நாற்காலிக்குச் சட்டை, கண்ணாடிக் குவளைக்குத் தொப்பி என்று உயிரில்லாத எதையும் அம்மணமாக விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவசரத்தில் சேலைத் தோளில் பெரிய ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தாள். பளபளவென்று தெருமுனைக்கே தெரிகிற ஊக்கு. கோப்பி குடிக்க மேலே வந்த கொழுந்தனார் அவளைப் பார்த்தார், ஊக்கையும் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. கோப்பியைக் குடித்துவிட்டு, குவளையைக் கையோடு எடுத்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார். விஷயம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எனக்கு வந்த குஷியில் இரண்டு வரி பின்னலைத் தப்பாகப் போட்டேன்.

"அக்கா, உங்க கொழுந்தன் ஊமையா?" என்றாள் அவள்.

"உன்னைப் பாத்தா மட்டும்."

"அப்படியா!" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேகவேகமாகப் பின்னினாள். பின்னின வேகத்தில் ஊசி ஒடிந்தது. அவளுடைய மாமா வாங்கிக் கொடுத்த ஊசி, செம்பு அதிகமாகக் கலந்த சிவப்புப் பித்தளை. துண்டுகளை என் சன்னலில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் பார்த்தால் காணோம். நான் பூனையைத் திட்டினேன்.

ஆசை இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் அல்லவா? இவரா சொல்லுவார்? அதையும் அரத்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டு உள்ளே வைத்திருந்தார். "தம்பி, அந்தப் பொண்ணைக் கேக்கவா?" என்றேன். "எந்தப் பொண்ணு?" என்றார். காது இரண்டும் சிவந்து போயிருந்தது. ஆகவே நானே கூடையை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போய் மாமனிடம் பேச்சை எடுத்தேன்.

மாமன் பெரிய உருவம், பெரிய குரல். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். "ஜொகூர்ல ஒரு மாப்பிள்ளை இருக்கான், ரப்பர் தோட்டத்துல கங்காணி மகன். அவுங்களுக்குப் பொங்கலுக்குள்ள பதில் சொல்லணும்" என்றார். பிறகு வெற்றிலையை மென்றுகொண்டே, "உங்க கொழுந்தன் கத்தி செய்வாராமே? எனக்கு ஒண்ணு செஞ்சு கொண்டாரச் சொல்லுங்க. ஆளைப் பாக்கறதுக்கு முந்தி வேலையைப் பாப்போம்" என்றார்.

கத்தி தயாரானதும் நானும் கொழுந்தனாரும் மீன் கடைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் இவருக்கு ஒரே கவலை. "அண்ணி, அவரை மாமான்னு கூப்பிடவா?"

"கெடுத்தீங்க காரியத்தை! மாமான்னா அவர் தங்கச்சி உங்களுக்குச் சின்னம்மா, இவ உங்களுக்குத் தங்கச்சி. அண்ணேன்னு கூப்பிடுங்க. அப்பத்தான் இவ அக்கா மக, முறைப்பொண்ணு."

எருமைக் கொம்புப் பிடி, மஞ்சள் பளபளக்கும் பூண். மாமன் கத்தியை விரித்தார், மடக்கினார், விரலால் பூணைத் தடவினார். பிடித்துவிட்டது என்று முகம் சொன்னது. அப்புறம் கேட்டார் அந்தக் கேள்வியை.

"ஆணி எங்க?"

"உள்ள இருக்கு அண்ணே."

"காட்டு."

"காட்ட முடியாது அண்ணே. தெரிஞ்சா அது வேலையே இல்ல."

"கோந்து போட்டு ஒட்டிட்டுக் கதை விடுறியா? போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் ஒட்டிக் கொடுத்தான். பூண் கழண்டு மீன் வயித்துல போயி, சூப்புல கிடந்ததை ஒரு சீனத்தம்மா எடுத்துட்டு வந்தாங்க லா!" மாமன் கத்தியைப் பனிக்கட்டிமேல் வைத்தார். "பாரு தம்பி. இது பொங்கல் வரைக்கும் என் கடையில கிடக்கும். உப்பு, ஐஸு, புளி எல்லாத்தையும் பாக்கட்டும். பூண் நின்னா பேசலாம். கழண்டுச்சுன்னா ஜொகூர்காரனுக்குச் சரின்னு சொல்லிடுவேன். ஒரு ஆணி ஒழுங்கா அடிக்காதவனை நம்பி எப்படிப் பொண்ணைக் குடுக்குறது?"

ஆக, ஒரு பெண்ணின் வாழ்க்கையும் என் கொழுந்தனாரின் வாழ்க்கையும் கட்டைவிரல் அகலப் பூணில் தொங்கியது.

அன்றிலிருந்து தினமும் நான் மீன் வாங்கப் போனேன். கத்தியைப் பார்க்க வேண்டுமே! குழம்பு, வறுவல், புட்டு, சம்பால் என்று வீடே கடலானது. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்து, "நாம என்ன பூனையா?" என்று கேட்டார். கொழுந்தனாருக்கு மார்க்கெட் பக்கம் வரவே பயம். சாயங்காலம் மாடிப்படியில் நின்றுகொண்டு, "அண்ணி, இன்னிக்கி?" என்பார். "இருக்கு" என்பேன். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

மாமன் அந்தக் கத்தியைப் படுத்திய பாடு இருக்கிறதே! பனிக்கட்டி உடைத்தார். சிமெண்டு மேடையில் மடார் மடாரென்று தட்டினார். பூணின் ஓரத்தில் உளியைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். மீன் வாடை போக நாள்தோறும் புளியைக் கரைத்து அதில் முக்கி வைத்தார். பக்கத்துக் காய்கறிக் கடை சீன ஆச்சி, "ஐயோ, போதும் லா!" என்று கத்திக்குப் பரிந்து பேசினார். அந்தப் பெண்ணும் வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்து எதையோ மறந்தவள் மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போவாள். "அக்கா, உங்க ஊமை ஜெயிச்சிருவாரா?" என்று என்னிடம் கேட்கும்போது அந்த வாயில் கேலியே இல்லை. அவளுக்கும் ஆசைதான் என்று அப்போது தெரிந்தது.

பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மாமனின் கடைப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அவரை உடனே வரச் சொன்னாரு, கத்தியைப் பத்தி!"

கொழுந்தனார் கையிலிருந்த அரத்தைக் கீழே போட்டார். "போச்சு அண்ணி" என்றார். பஃபலோ ரோட்டில் நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து யார் வீட்டிலோ தீப்பிடித்துக்கொண்டது என்று நினைத்து இரண்டு பேர் வாளியோடு பின்னால் வந்தார்கள். தகவல் தெரிந்து அந்தப் பெண்ணும் வந்துவிட்டாள்.

மாமன் கத்தியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பூண் அப்படியே இருந்தது. ஆனால் மஞ்சள் பூணின் நடுவில், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டு. முந்தின நாள்வரை இல்லாத பொட்டு.

"வந்துருச்சுய்யா ஆணி! புளியில கிடந்து கிடந்து தானா வெளிய வந்து நிக்குது பாரு! நெசமாவே ஆணிதான் அடிச்சிருக்கான்!" என்று மாமன் மார்க்கெட் அதிரக் கத்தினார்.

நான் குதிக்காத குறை. பக்கத்தில் பார்த்தால் இவர் செத்த பிணம் மாதிரி நிற்கிறார். நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்துவிட்டவர் முகம். "குடுங்க அண்ணே, வேற செஞ்சு தரேன். இது தப்பு. இது தெரியுது" என்று கையை நீட்டுகிறார். ஜெயித்த மனிதர் தானே தோற்றுவிட்டதாக வாதாடுகிறார்!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "தம்பி, நீங்க பூண் வெட்டுன துண்டுலதானே ஆணியும் வெட்டுவீங்க? இது எப்படிச் சிவப்பா இருக்கு?"

காது இரண்டும் அந்தப் பொட்டுகளைவிடச் சிவப்பாகிவிட்டன.

அந்தப் பெண் முன்னால் வந்தாள். கத்தியை வாங்கிப் பார்த்தாள். பிறகு கத்தியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். "இது என் குரோஷா ஊசியா?"

தலையை ஆட்டினார். "மேல பூசுன மஞ்ச மெருகைப் புளி தின்னுடுச்சு."

"ஏன் எடுத்தீங்க?"

"சும்மா… பக்கத்துல இருக்கட்டும்னு."

"அப்ப ஏன் மாமா கத்தியில வச்சீங்க?"

"என்கிட்ட இருந்தா அண்ணி கண்டுபிடிச்சிருவாங்க." பூணைக் காட்டினார். "இதைவிடப் பத்திரமா ஒளிக்க எனக்கு வேற இடம் தெரியல."

மாமன் கத்தியைத் தன் கைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. என் உயிர் என்னிடம் இல்லை. தன் மருமகளின் பொருளை இவர் எடுத்துத் தன் கத்திக்குள்ளேயே ஒளித்துத் தன் கையிலேயே கொடுத்திருக்கிறார் என்றால், எந்தத் தாய்மாமன் சும்மா இருப்பார்?

"நான் வாங்கிக் குடுத்த ஊசி" என்றார் மெதுவாக. "இது உள்ள இருக்குன்னு தெரியாம நான் உளியை வச்சு நெம்பியிருக்கேன். அப்பக்கூட இது விடல." சட்டென்று அவருடைய பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். "டேய், ஜொகூருக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லுடா!" என்று கடைப் பையனைப் பார்த்துக் கத்தினார். சீன ஆச்சி ஒரு கட்டு கீரையை எடுத்து என் கூடைக்குள் திணித்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. வாளிக்காரர்கள் இருவரும் வாளியைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் ஒரு குரல். "அண்ணே… அந்தக் கத்தியை மட்டும் குடுத்துருங்க. ராவோட ராவா சரி பண்ணிடுறேன்."

மாமன் சிரிப்பை நிறுத்தினார். "மாப்பிள்ளை, கத்தி வேணுமா, பொண்ணு வேணுமா?"

இவர் யோசித்தார்! சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்தார். அந்தப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் பின்னாலிருந்து முழுப் பலத்தோடு ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"பொண்ணு" என்றார்.

கல்யாணம் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் நடந்தது. இவருக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது, ஆகவே நாத்தனார் விளக்கை நான்தான் பிடித்துக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். மேளம் கொட்டியது, மேலே அட்சதை கொட்டியது. இவர் தாலியைக் கட்டினார். நடுக்கமே இல்லாத விரல்கள், நல்ல முடிச்சு. கட்டி முடித்த கை எடுக்கிற வழியாக இல்லை. என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். மனிதர் முடிச்சைப் பிடித்து, பூமாலைக்கும் கூந்தலுக்கும் அடியில் யாருக்கும் தெரியாமல் தள்ளிக்கொண்டிருந்தார். சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் தலையைத் திருப்பவில்லை. குனிந்தபடியே, மேளச் சத்தத்தையும் மீறி எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"விடுங்க. தெரியட்டும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.